ஒரே டிஸ்க் போதும்

மனைவி: ...அதெல்லாம் எனக்குத் தெரியாது. வீட்டுல இருக்கிற படம், பாட்டெல்லாம் சேத்து வெக்க சர்வர்னு வாங்கினா ரெண்டு டிஸ்க் போடுற பெட்டியே வாங்கணும்.

கணவன்: நமக்கு எதுக்கு ரெண்டு? நாம என்ன டிவி ஸ்டேஷனா நடத்துறோம்?

மனைவி: சிரிப்பு வரலை.

கணவன்: வர வேணாம். இந்தச் சின்னப் பெட்டியிலயே படம், பாட்டு எல்லாம் அடங்கும். ஹால் டிவியில படம் ஓடும், சமையக்கட்டுல உன் போன்ல பாட்டு ஓடும். போதாதா?

மனைவி: அந்த ஒரு டிஸ்க் போயிடுச்சுன்னா?

கணவன்: போகாது.

மனைவி: யாரு பேசுறது இது? எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு கடைக்கு வர்றவங்களை, காப்பி எடுத்து வெக்காம என்ன பண்ணுனீங்கன்னு திட்டுற கம்ப்யூட்டர் மெக்கானிக்கா?

கணவன்: அது ஊருக்கு.

மனைவி: பதிமூணு வருஷமா சேத்ததுங்க. நாலாயிரம் பாட்டுக்கும் நான் உக்காந்து பேர் போட்டிருக்கேன்.

கணவன்: படமெல்லாம் நான் சேத்தது.

மனைவி: இல்லேன்னு சொன்னேனா?

கணவன்: பழைய கம்ப்யூட்டரே ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. இப்ப என்ன அவசரம்?

மனைவி: எங்க ஓடுது... இழுத்துக்கிட்டுக் கிடக்கு. இந்த மாசத்துக்குள்ள மாத்திடணும்.

கணவன்: ஏன், அடுத்த மாசம் என்ன?

மனைவி: ...ஒண்ணுமில்லை. ஸ்கூல்ல பரீட்சை. பேப்பர் திருத்தவே நேரம் சரியா இருக்கும்.

கணவன்: ம்.

மனைவி: என்ன ம்? ரெண்டு டிஸ்க் பெட்டியில, எதை ஏத்தினாலும் ரெண்டுலயும் அப்படியே ஏறிடுமாமே?

கணவன்: ஏறும்.

மனைவி: ஒண்ணைக் கழட்டிட்டாலும் இன்னொண்ணு ஓடும்?

கணவன்: ஓடும்.

மனைவி: கழட்டினதை வேற பெட்டியில மாட்டினா... அதுவும் ஓடும்தானே?

கணவன்: எதுக்குக் கழட்டணும்?

மனைவி: சும்மா கேட்டேன்.

கணவன்: நீ எதையும் சும்மா கேக்க மாட்டியே.

மனைவி: சண்டைக்கு வராதீங்க. நாம உருப்படியா பேசி ஆறு மாசம் ஆகுது. இதையாவது ஒழுங்கா பேசி முடிப்போம்.

கணவன்: முடிச்சாச்சு. ஒரே டிஸ்க் பெட்டி.

மனைவி: அப்படி என்ன பிடிவாதம்? காரணத்தைச் சொல்லுங்க.

கணவன்: நீ முதல்ல சொல்லு.

மனைவி: நான் என்ன சொல்ல?

கணவன்: வியாழக்கிழமை பிரிண்டர்ல ஏதோ எடுத்தியே... நடுவுல பேப்பர் தீர்ந்து போச்சு.

மனைவி: ...எனக்குத் தெரியாது.

கணவன்: தெரிஞ்சிருக்காது. நேத்து நான் பேப்பர் வெச்சேன். நின்னு போன கடைசிப் பக்கம் தானா வெளியில வந்துச்சு. வாடகை ஒப்பந்தம். குடிவர்றவங்கன்னு போட்டு, உன் பேர் மட்டும் இருந்துச்சு.

மனைவி: தேதியும் பாத்தீங்களா?

கணவன்: அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியில இருந்து.

மனைவி: சொல்லணும்னுதான் இருந்தேங்க... எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. இந்தப் பாட்டுக்காவது அடிச்சுக்காம, ஆளுக்கு ஒரு டிஸ்க் எடுத்துக்கலாம்னு நெனச்சேன். ஆனா நீங்க... தெரிஞ்சேதான் ஒண்ணு போதும்னீங்களா? அதுகூட என் கையில இருக்கக் கூடாதா?

கணவன்: அப்படி இல்லம்மா. ஒண்ணே ஒண்ணா இருந்தா, பாட்டை எடுத்துக்கவாவது நீ இந்த வீட்டுக்கு வந்து போவேன்னு நெனச்சேன்.