வரிசையின் கடைசி

அந்த நாற்காலி வேண்டாம், அதன் பின்னங்கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் உட்காருங்கள். இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கிறீர்கள், உங்களிடம் மழுப்பிப் பேசுவது மரியாதை இல்லை. அத்தானின் இணையதளத்தை எங்கள் டைரக்டரியில் ஏன் சேர்க்கவில்லை என்றுதானே கேட்டீர்கள்? நான் அதை ஒரு தடவைகூட நிராகரிக்கவில்லை. முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டைரக்டரி, அதாவது இணையதளங்களின் பட்டியல், இயந்திரம் தொகுப்பது இல்லை. என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்து, வந்து சேரும் தளங்களைத் திறந்து படித்து, உருப்படியானதை மட்டும் சேர்ப்போம். சம்பளம் கிடையாது. வீட்டு உபயோகப் பொருட்கள் என்ற பிரிவு என் கையில் இருக்கிறது. எதையாவது வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எங்கள் பக்கத்தைத்தான். அதில் ஏறாத தளம் இருந்தும் இல்லாத மாதிரி. பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் இந்த மேசை. "ஆபீஸ்ல உங்களை யாரும் சீண்டுறதில்லை, இங்கதான் உங்க ராஜ்ஜியம்" என்று என் மனைவி கேலி செய்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர், பேருந்து ஓட்டுநர். அக்கா அவர் வீட்டுக் குளியலறையில் இறந்தாள். கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர். சரியாகக் காற்று இல்லாவிட்டால் அதிலிருந்து விஷவாயு கிளம்பும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அவளுக்குக் குளிர் தாங்கவில்லை என்று சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தை அத்தான் அட்டை வைத்து அடைத்திருந்தார். அந்த அட்டையை நான் கண்ணால் பார்த்தேன். சாவு வீட்டில் என் தோளில் சாய்ந்து அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இந்த மனிதரைச் சும்மா விடக்கூடாது என்று தட்டிக்கொண்டே முடிவு செய்தேன்.

பிறகு அவர் ஒரு விரலால் தட்டித் தட்டிக் கம்ப்யூட்டர் பழகி, அந்தத் தளத்தை உருவாக்கினார். ஹீட்டரின் படம், துவாரத்தின் படம், கீழே பெரிய எழுத்தில்: 'அடைக்காதீர்கள். நான் அடைத்தேன். என் மனைவி போய்விட்டாள்.' அதை எங்கள் டைரக்டரிக்கு அனுப்பினார். எங்களுக்கெல்லாம் புனைபெயர்தான், அதனால் எடிட்டர் யார் என்று அவருக்குத் தெரியாது. அது நேரே என் வரிசையில் வந்து விழுந்தது. அன்று எனக்கு நன்றாகப் பசித்தது, இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஊர் உலகத்தை எச்சரித்துவிட்டால் தன் பாரம் குறையும் என்று அவர் நினைத்தார். குறைய விடுவேனா?

நிராகரித்தால் அவர் மேலிடத்தில் முறையிடலாம், வேறு எடிட்டர் பார்ப்பார். அது வேண்டாம். எங்கள் முறையில் ஒரு சௌகரியம் உண்டு. காத்திருக்கும் தளத்தை மறுபடியும் அனுப்பினால், பழைய இடம் போய்விடும். வரிசையின் கடைசியில் புதிதாக நிற்க வேண்டும். எடிட்டர்கள் எல்லோருக்கும் தெரியும், அனுப்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. அவருடைய முறை நெருங்கும்போதெல்லாம் நான் பணிவாக ஒரு குறிப்பு அனுப்புவேன். படம் பெரிதாக இருக்கிறது, சுருக்கி அனுப்புங்கள். தலைப்பு தெளிவாக இல்லை, மாற்றி அனுப்புங்கள். மனிதர் சலிக்காமல் மாற்றினார், அனுப்பினார், கடைசிக்குப் போனார்.

ஒருநாள் எனக்கே போன் செய்தார்.

"மாப்ளே, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே. அந்த எடிட்டர் என்னதான் கேக்குறாருன்னு புரியலப்பா. பேசாம காத்திருக்கட்டுமா, இல்ல திரும்ப அனுப்பட்டுமா?"

"திரும்ப அனுப்புங்க அத்தான். விடாம அனுப்புனாத்தான் மதிப்பாங்க."

"நீ சொன்னா சரி" என்றார்.

அந்தத் தளத்தில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. 'ஆசையாக வாங்கிக் கொடுத்தவன் என் மைத்துனன். பாவம், அவனுக்கும் இந்த ஆபத்து தெரியாது.' ஆமாம், புது வீட்டுக்கு அந்த ஹீட்டரை வாங்கிக் கொடுத்தது நான்தான், நல்ல கம்பெனி. அந்த வரியைப் படித்தபோது வந்த எரிச்சலை உங்களுக்கு எப்படிச் சொல்வது? இவர் யார் என்மேல் பரிதாபப்பட? சொந்த விஷயங்களை நீக்கி அனுப்புங்கள் என்று எழுதினேன். நீக்கினார். மறுபடியும் கடைசி.

உங்கள் மகளின் படத்தை ஏன் காபிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறீர்கள், கறை பட்டுவிடும். பள்ளிச் சீருடையில் அழகாக இருக்கிறாள். எங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான், அவளைக் கொண்டுபோன அந்த ஹீட்டரை வாங்கினேன் என்றீர்கள். உண்மையாகத்தான் இருக்கும். அக்கா இருக்கும்போதே, அதை விற்கும் கடையை முதலிடத்தில் சேர்த்தவன் நான். 'சிறிய குளியலறைகளுக்கும் ஏற்றது' என்பது என் வாசகம். பிறகும் அதை எடுக்கவில்லை. எடுத்தால் ஹீட்டர்மேல் குற்றம் என்று ஆகிவிடும். குற்றம் அடைத்தவர்மேல். கொசு வருகிறது என்று நீங்களும் அடைத்தீர்கள் அல்லவா? நீங்கள் அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தபோது அத்தானின் தளம் என் வரிசையில்தான் நின்றது, வழக்கம்போல் கடைசியில். ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் கடைக்குக் கீழேயே வந்திருக்கும். உங்களைப் பார்த்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் தெரியாமல் வாங்கிக் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. பொய் சொல்ல மாட்டேன். கடைக்காரர் பெட்டியைக் கட்டும்போது சொன்னார்: "சார், காத்து வர்ற ஓட்டையை மட்டும் அடைக்க வேணாம்னு வீட்டுல சொல்லிடுங்க. அடைச்சா ஆளையே கொன்னுடும்." நான் சொல்லவில்லை. அத்தான் எதைக் கொடுத்தாலும் கிண்டல் செய்கிறவர். ஆளைக் கொல்கிற சாமானா வாங்கி வந்தாய் என்று வந்தவர்கள் முன்னால் சிரிப்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அவ்வளவுதான். ஆனால் அடைத்தது அவர். அக்காவைக் கொன்றது அவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிளம்புகிறீர்களா? அவரைப் பார்க்கத்தான் போவீர்கள் என்று தெரியும். தளத்தின் கதையை எல்லாம் தாராளமாகச் சொல்லுங்கள், எனக்குப் பயமில்லை. கடைக்காரர் சொன்னதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், அத்தான் தாங்க மாட்டார்.