வெள்ளிக்கிழமைத் துறை

யுத்தநிறுத்தக் காலம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீற்றில் இரண்டு பெண்கள். முக்காடு போட்டிருந்தவர், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் பன்னிரண்டு வருடம் கழித்துப் புத்தளத்திலிருந்து ஊர் திரும்புகிறார். மற்றவர் அதே ஊர்த் தமிழ்ப் பெண்.

“குளத்துத் துறையிலை இனி எல்லாச் சனமும் எந்நேரமும் குளிக்கலாமாம், ராத்தா. போர்ட் போட்டிருக்கினம்.”

“அப்ப எங்கடை பொம்பிளையளுக்கெண்டு விட்ட வெள்ளிக்கிழமைக் காலமை?”

“அந்த நேரம் இப்பவும் ஒருதரும் போறேல்லை.”

“நாங்கள்தான் ஊரிலை இல்லையே.”

“ஓம். ஆனா நீங்கள் சிரிச்சுக் கதைச்சுக் குளிக்கிற சத்தம் ஒவ்வொரு வெள்ளியும் கேக்கும். போய்ப் பாத்தால் ஆக்கள் இல்லை. படி மட்டும் ஈரமாய்க் கிடக்கும்.”

முக்காடு போட்டவர் மற்றவர் பக்கம் சாய்ந்தார்.

“புத்தளத்திலை வெள்ளிக்கிழமையளிலை நான் நித்திரையாலை எழும்பேக்க தலைமயிர் நனைஞ்சிருக்கும். என்ரை மனுசனிட்டைக்கூட நான் சொல்லேல்லை.”