ஓடுபாதை முனையில் ஓர் ஆட்டுக்கொட்டில்

குன்வோர்: கதவைச் சாத்துடா. மே மாசம் வந்தும் இந்தக் காத்து அடங்கலே. நேத்து ஊர்ச் சபைக் கூட்டத்துல கதவைச் சாத்திட்டு எவ்வளவு பதவிசா வெளியே போனே, அதே மாதிரி சாத்து.

ஐலெர்ட்: அக்கா... வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா.

குன்வோர்: வருவேன்னு தெரியும். விடிஞ்சதும் வருவேன்னுதான் நினைக்கலே. கோட்டைக் கழட்டு, சட்டைக் கையை மடிச்சு விடு. மந்திரியம்மாவுக்கு வலி எடுத்து எவ்வளவு நேரமாச்சு, குட்டி வர மாட்டேங்குது.

ஐலெர்ட்: இவளா மந்திரியம்மா? போன வருஷம் அந்தக் கறுப்பு மூஞ்சிக்காரியை இல்ல அப்படிக் கூப்பிட்டே?

குன்வோர்: அவளுக்குப் பதவி போயிடுச்சு. ஓஸ்லோவுல ஆள் மாறினா என் கொட்டில்லயும் மாறும். தலைப் பக்கம் போய் உட்காரு. கழுத்தை அணைச்சுப் பிடி, நெரிச்சுடாதே.

ஐலெர்ட்: நான் உன்கிட்ட பேசணும்னு வந்தேன்க்கா.

குன்வோர்: பிடிச்சுக்கிட்டே பேசு. அங்கேதான் உன்னைப் பேச விடலே.

ஐலெர்ட்: அதைத்தான் சொல்ல வந்தேன். நீ தப்பா நினைச்சிருப்பே. நானா எழுந்து போகலே. போகச் சொல்லிட்டாங்க.

குன்வோர்: நான்தான் போன்ல பாத்துக்கிட்டிருந்தேனே. கூட்டத்தை நேரடியா காட்டுறாங்கல்ல. மேயர் ஏதோ முணுமுணுத்தார். நீ எழுந்தே. உன் முதுகு தெரிஞ்சுது. அப்புறம் உன் நாற்காலியில அந்த முடிவெட்டுற பொண்ணு யோஃப்ரிட் வந்து உட்கார்ந்தா.

ஐலெர்ட்: ஒருத்தன் வெளியே போனா மாத்து ஆளுன்னு அவதான். சட்டம் அப்படி.

குன்வோர்: சொந்தக்காரங்க விஷயத்துல ஓட்டுப் போடக் கூடாதுன்னும் சட்டம் அப்படித்தானே? ரன்வேக்காக இடிக்கப் போறது என் வீடு, நான் உன் கூடப் பிறந்தவ. இதுல அதிசயம் என்ன?

ஐலெர்ட்: அதிசயம்தான்க்கா. இந்த ஊர்ல அந்தச் சட்டத்தைத் தூக்கிப் பிடிச்சா சபையில யார் மிஞ்சுவா? மேயரோட மச்சான் பாறை உடைக்கிற கம்பெனி வச்சிருக்கான். ரன்வேயை நீட்டினா முதல் வேலை அவனுக்குத்தான். மீன் பண்ணைக்காரனோட மருமக எனக்குப் பின்னாடி நாற்காலியில உட்கார்ந்திருக்கா. யாராவது கேள்வி கேட்டாத்தான் எழுந்திருக்கணும். யாரும் யாரையும் கேட்கிறதில்லே. எல்லாரும் ஜன்னல் வழியா கடலைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருப்போம். எங்க அப்பா சபையில இருந்த காலத்துல இருந்து அதுதானே வழக்கம்.

குன்வோர்: எங்க அப்பாவா? எனக்கும் அவர் அப்பாதான். காலை உதைக்கிறா பாரு, விடாதே.

ஐலெர்ட்: நேத்துக் காலையில சபை ஆபீஸ்ல வேலை பாக்குற அம்மா கூப்பிட்டா. யாரோ போன் பண்ணி என்னைப் பத்திக் கேள்வி எழுப்பிட்டாங்களாம். ஐலெர்ட்டோட அக்கா வீடு அந்த ரன்வே வரைபடத்துல இருக்கே, அவர் எப்படி உட்காரலாம்னு. யாருன்னு கேட்டேன், சொல்ல மாட்டாளாம். மேயரைப் போய்ப் பாத்தேன். அவர் கையை விரிச்சுட்டார். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது ஐலெர்ட், கேள்வி பதிவாயிடுச்சு, நீ போய் ஒரு காபி குடிங்கிறார்.

குன்வோர்: குடிச்சியா?

ஐலெர்ட்: என்னது?

குன்வோர்: காபி.

ஐலெர்ட்: ...குடிச்சேன். நடையில உட்கார்ந்து. வாஃபிள் வேற வச்சிருந்தாங்க.

குன்வோர்: நான் முழுசாக் கேட்டேன். ஓஸ்லோவுல இருந்து வந்தானே ஒரு நிபுணன், தாடிக்காரன், அவன் திரையில படம் படமாப் போட்டான். நீட்டினா என்ன நன்மை, என்ன செலவுன்னு. பெரிய பிளேன் நேரா வருமாம். டூரிஸ்ட் வருவானாம். சால்மன் மீன் பிடிச்ச சூட்டோட ஜப்பானுக்குப் போகுமாம். ஆளாளுக்கு மிச்சமாகிற நிமிஷத்தைக்கூடக் கூட்டிப் பணமாக்கி வச்சிருக்கான். அப்புறம் செலவுப் பக்கம் வந்தான். சதுப்புல முட்டை வைக்குதே ஆள்காட்டிக் குருவி, அதுக்கு மட்டும் பக்கம் பக்கமா. அதுக்குப் புதுசா ஒரு சதுப்பு வெட்டித் தருவாங்களாம். எனக்கு ஒரே வரி. பாதிக்கப்படும் குடியிருப்பு, ஒன்று. நானும் முட்டை வச்சிருந்தா ரெண்டு பக்கம் கிடைச்சிருக்கும்.

ஐலெர்ட்: எனக்கு வயிறு எரியுதுக்கா.

குன்வோர்: எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் கை தூக்கச் சொன்னாங்க. சிரிப்பு நின்னுடுச்சு.

ஐலெர்ட்: ஒரே ஒரு கை வித்தியாசம். ஒரு கையிலதான் போச்சு. நினைச்சு நினைச்சுப் பாக்குறேன், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லே. அந்த யோஃப்ரிட்டுக்கு என்ன தெரியும்? வேணுமா வேணாமான்னு கேட்டா, விமானம் வந்தா கடையில கூட்டம் வரும்னு தூக்கிட்டா. அந்த நாற்காலியில நான் இருந்திருந்தா...

குன்வோர்: இருந்திருந்தா?

ஐலெர்ட்: இருந்திருந்தா இந்த வீடு நின்னிருக்கும். இதைக் கேட்கணுமா.

குன்வோர்: கேட்கத்தான் வேணும். நீ எனக்காகக் கை தூக்கியிருப்பே?

ஐலெர்ட்: வேற யாருக்காகத் தூக்குவேன்?

குன்வோர்: ம்... கொஞ்சம் இறுக்கிப் பிடி. ஒரு முன்னங்கால்தான் வந்திருக்கு. இன்னொண்ணு உள்ள மடங்கிக் கிடக்கு. தள்ளித்தான் எடுக்கணும்.

ஐலெர்ட்: டாக்டரைக் கூப்பிடலாமே.

குன்வோர்: அவர் வர்றதுக்குள்ள ரெண்டும் போயிடும். பேசு நீ. பேசினா அவ அடங்குறா. உன் குரல் ஆட்டுக்காவது பிடிக்குது.

ஐலெர்ட்: என்ன பேச?

குன்வோர்: உன் பொண்டாட்டி தூர்ஹில் எப்படி இருக்கா?

ஐலெர்ட்: இருக்கா.

குன்வோர்: இந்த வாரமும் பூடோ ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?

ஐலெர்ட்: போனோம்.

குன்வோர்: பிளேன்லயா?

ஐலெர்ட்: ...கார்ல. குறுக்குக்காத்து. இறங்கலே.

குன்வோர்: அந்தச் சின்ன பிளேனுக்கு ஒரு தும்மல் போதும். பெரிய பிளேன்னா இறங்கியிருக்கும், இல்லியா?

ஐலெர்ட்: அதுக்காக? உன் வீட்டு மேல இறங்கணுமா? என்ன பேச்சுக்கா இது. தூர்ஹிலை இதுல இழுக்காதே.

குன்வோர்: நான் இழுக்கலே. நலம் விசாரிச்சேன். ...இதோ, இதோ, கால் கைக்கு வந்துடுச்சு. இப்ப விடாதே. வா கண்ணு, வா. ...வந்துட்டான். மூக்கைத் துடை. சட்டையில துடைடா, சபைக்குப் போட்டுட்டுப் போற சட்டைன்னு பாக்காதே. வைக்கோலை எடுத்து நல்லாத் தேய்.

ஐலெர்ட்: மூச்சு இருக்கா?

குன்வோர்: தும்மிட்டான். இருக்கு. அவகிட்ட கொண்டு போய் விடு, நக்கட்டும்.

ஐலெர்ட்: நல்ல குட்டி. கனமா இருக்கான்.

குன்வோர்: இலையுதிர் காலம் வந்தா வெட்டுக்குப் போவான். எல்லாமே போகும், தாய் ஆடும் சேர்த்து. எனக்குத் துறைமுகத்துக்கிட்ட பால்கனி வச்ச ஃபிளாட் தருவாங்களாமே. பால்கனியில ஒரு ஆடு கட்டிக்கலாமான்னு அந்தத் தாடிக்காரனைக் கேட்கணும்.

ஐலெர்ட்: நான் இதைச் சும்மா விடப் போறதில்லேக்கா. போன் பண்ணவன் யாருன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன். மீன் பண்ணைக்காரனாத்தான் இருக்கும். இல்லேன்னா மேயரே ஆள் வச்சுப் பண்ணியிருப்பார். என் கை எந்தப் பக்கம்னு அவருக்குத் தெரியும்ல.

குன்வோர்: தெரிஞ்சிருக்கும்.

ஐலெர்ட்: அக்கிரமம் இல்லியா இது? அவர் மச்சானுக்காக அவர் எழுந்திருக்கலே. அந்த மருமக எழுந்திருக்கலே. என்னை மட்டும் எழுப்பினா அது செல்லுமா? எழுப்பினா எல்லாரையும் எழுப்பணும். மாவட்டத்துக்கு எழுதிப் போட்டா ஓட்டையே ரத்து பண்ணிடுவாங்க.

குன்வோர்: நிஜமாவா?

ஐலெர்ட்: பின்னே? சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்.

குன்வோர்: அப்ப எழுதிப் போடு.

ஐலெர்ட்: ...என்ன?

குன்வோர்: எழுதிப் போடுங்கிறேன். அவங்க ரத்து பண்ணட்டும். மச்சான் வச்சிருக்கிறவன், மருமக, எல்லாரும் வெளியே போகட்டும். இல்லே, எல்லாரும் உள்ள உட்காரட்டும். யோஃப்ரிட் போய் முடி வெட்டட்டும். நீ உன் நாற்காலியில உட்காரு. ஒரு கையிலதானே போச்சு? அந்தக் கை உன்னோடதுதானே? தூக்கு.

ஐலெர்ட்: அது... அவ்வளவு சுலபம் இல்லேக்கா.

குன்வோர்: இப்பத்தானே சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்னே.

ஐலெர்ட்: காலம் ஆகும். மேயர் பகையாயிடுவார். மறுபடியும் ஓட்டுக்கு வந்தா ரெண்டு பேரு பல்டி அடிச்சாலும் அடிப்பாங்க.

குன்வோர்: அடிக்கட்டும். தோத்தாலும் பரவாயில்லே. என் தம்பி எனக்காகக் கை தூக்கினான்னு நான் ஒரு தடவை பாத்துடுறேன். பேப்பர் உள்ள மேஜை மேல இருக்கு, பேனாவும் இருக்கு. கையைக் கழுவிட்டு வா, எழுதலாம்.

ஐலெர்ட்: இன்னிக்கே எதுக்கு?

குன்வோர்: நாளைக்கு எதுக்கு?

ஐலெர்ட்: யோசிக்கணும்... கட்சியில கேட்கணும்.

குன்வோர்: கட்சியில. சரி. என் வீட்டுக்கு நீ காவல் காக்கிறதுக்குக் கட்சி அனுமதி வேணும்.

ஐலெர்ட்: அக்கா...

குன்வோர்: தலையைத் தூக்கிப் பேசு. குட்டி நல்லாத்தான் இருக்கான், அவனையே பாத்துக்கிட்டிருக்காதே.

ஐலெர்ட்: என்னால முடியாதுக்கா.

குன்வோர்: எழுதவா முடியாது?

ஐலெர்ட்: எழுதவும் முடியாது. தூக்கவும் முடியாது. ...நான் உள்ள இருந்திருந்தா ரன்வே வேணும்னுதான் தூக்கியிருப்பேன்.

குன்வோர்: அந்த வாளியை இப்படித் தள்ளு, கையைக் கழுவணும்.

ஐலெர்ட்: ஏதாவது சொல்லு.

குன்வோர்: நீ சொல்லி முடி.

ஐலெர்ட்: பிளேன் வரும்க்கா. சத்தம் கேட்கும். தூர்ஹில் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு எழுந்து நிப்பா. மேல வந்து ஒரு வட்டம் அடிக்கும், அப்புறம் அப்படியே திரும்பிப் போயிடும். அவ மறுபடியும் பையைக் கீழே வைப்பா. அப்புறம் கார், படகு, திரும்பவும் கார். ஊசி போட்டுட்டுத் திரும்பி வர்றப்போ வழியெல்லாம் வாந்தி. இந்த வாரம் படகுல உட்கார முடியாம தரையிலேயே படுத்துட்டா. ஜனங்க தாண்டித் தாண்டிப் போறாங்க. என் கோட்டை மடிச்சுத் தலைக்கு வச்சேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன். யார் வீடா இருந்தாலும் சரின்னு... உன் வீடுன்னு தெரிஞ்சுதான் முடிவு பண்ணேன்.

குன்வோர்: இதை வாசல்ல நின்னே சொல்லியிருக்கலாமே.

ஐலெர்ட்: எப்படிச் சொல்றது? என் பொண்டாட்டிக்காக உன் வீட்டைக் குடுன்னு கேட்கவா?

குன்வோர்: ஆமா. அப்படித்தான் கேட்கணும். ஊரைக் கூட்டிக் கை தூக்குறதுக்கு முன்னாடி இங்கே வந்து கேட்கணும். சண்டை போட்டிருப்பேன். கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பேன். அப்புறம் என்ன சொல்லியிருப்பேன்னு உனக்கு இனிமே தெரியவே போறதில்லே.

ஐலெர்ட்: தைரியம் வரலேக்கா. நேத்து அந்த போன் வந்தப்போ கோபப்பட்ட மாதிரி நடிச்சேன். உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. யாரோ கண்ணுக்குத் தெரியாதவன் என்னைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டான்னு. கை தூக்காமலே வேலை முடிஞ்சுது. உன் மூஞ்சியில முழிக்கவும் வழி இருந்துச்சு. அவன் யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். உன்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்கிறேன். தூர்ஹிலுக்கு இது தெரிய வேண்டாம். அவளுக்காகத்தான்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா.

குன்வோர்: அவதான்டா என்கிட்ட வந்து சொன்னா. வேண்டாம்னு சொன்னேன், கேட்க மாட்டேங்கிறார்னு இங்கே உட்கார்ந்து அழுதா. அவ போனதும் ஆபீஸுக்கு போன் போட்டது நான்தான். வீடு போனா போகட்டும், ஊர் எடுத்துக்கிச்சுன்னு மனசைத் தேத்திக்கலாம், என் தம்பி கையை மட்டும் அந்தக் கூட்டத்துல பாத்துடக் கூடாதுன்னு. நீ வந்ததும் உண்மையைச் சொல்லியிருந்தா, சாகுற வரைக்கும் இதை உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை தூர்ஹிலைக் கூட்டிட்டு வா, அவளுக்குச் சூடா ஏதாவது செஞ்சு வைக்கிறேன். நீ உள்ள வராதே. வண்டியிலேயே உட்கார்ந்திரு.