ஒரு இடத்தில் மாற்றினால் போதும்

ஒரே விஷயத்தைப் பல இடத்தில் எழுதி வைப்பது எனக்குப் பிடிக்காது, சார். செங்கம் ரோட்டில் ஒரு வாடகை அறையில் நானும் பரசுராமனும் வேர்க்கடலை மில்களுக்கான கன்ட்ரோல் போர்டு செய்துகொண்டிருந்தோம். அதற்கு மூளை மைக்ரோகன்ட்ரோலர் என்கிற சிப். வெளியிலிருந்து தகவல் வந்துபோகும் அதன் வாசலுக்கு சீரியல் போர்ட் என்று பெயர். ஸ்டாப் பட்டனுக்கு ஒரு போர்ட், எடையை அச்சடிக்கும் பிரின்டருக்கு இன்னொன்று. எது எதற்கு என்பதைப் பரசுராமன் புரோகிராம் முழுக்க அங்கங்கே எழுதியிருந்தான். நான் எல்லாவற்றையும் எடுத்து ஒரே ஃபைலில் வைத்தேன்.

"இனிமே ஒரு இடத்துல மாத்தினா போதும்டா, சகா" என்று தோளில் தட்டினான். சகாதேவன் என்கிற என்னை அப்படிக் கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான்.

பிறகு அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. "கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மில் வேலைய முடிச்சுட்டுக் கிளம்பிடறேன்"னான். கோளாறு என்று வந்தால் பாதியில் விட்டுப் போகிறவன் இல்லை. அதனால், அவன் சோதித்து முடித்த பிறகு, அந்த ஃபைலில் ஒரு வரியை மாற்றி, அதை ஏற்றிய வேறு சிப்பைப் போர்டில் போட்டேன். ஸ்டாப் பட்டனைக் கேட்க வேண்டிய புரோகிராம் பிரின்டரைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிரின்டர் எதுவும் சொல்லாது.

மெஷின் ஓடிய முதல் நாளே, கூலியாள் வேடியப்பனின் துண்டு பெல்ட்டில் சிக்கியது. "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு கத்தினான். மேஸ்திரி கோதண்டராமன் பட்டனை அழுத்தினார். திரும்பத் திரும்ப அழுத்தினார்.

மெயின் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அணைத்திருந்தால் துண்டோடு போயிருக்கும். பரசுராமன் ஒரு பொழுதில் சரிசெய்துவிட்டு பஸ் ஏறியிருப்பான். நான் அணைக்கவில்லை.

கோர்ட்டில் அவன், "தப்பு என்னுதுதாங்க" என்று சொல்லிவிட்டான். செத்துப்போன வேடியப்பனின் மனைவி பொன்னி வாசலிலேயே மண்ணை வாரி அவன்மேல் தூற்றினாள். எனக்குத் தாங்கவில்லை. அவன் சட்டையை நான்தான் தட்டிவிட்டேன்.

உங்கள் வேலூர் ஜெயிலுக்கு வாராவாரம் வந்தேன். "எப்படிடா அந்த வரியத் தப்பா அடிச்சேன்?" என்று கேட்பான். "விடுடா, யாருக்கும் நடக்கறதுதான்" என்பேன். முன்பைவிட அப்போதுதான் நாங்கள் ஜாஸ்தி பேசினோம்.

இப்போது கொஞ்ச நாளாக என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறான். சாப்பிடுவதும் கம்மியாம். அதனால்தான் ஜெயிலரான உங்களிடமே வந்தேன், சார். இதையெல்லாம் அவனிடம் சொல்லுங்க. ஏன்டா செஞ்சே என்று கேட்கவாவது எதிரில் வந்து உட்காருவான்.