இரண்டாவது பூச்சு

உங்கள் நிலையத்துக் காப்பி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ரின்னே. ஏலக்காய் ரொட்டியும் இன்று சுட்டதுதான் போலிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலை மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தக் கத்தியை ஏன் சவ்னா நீராவிக் குளியலறை அடுப்பில் போட்டு எரிக்கவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வேறு யாராக இருந்தாலும் எரித்திருப்பார்கள்.

சுருள் பிர்ச் ஒரு வகையில் நோயாளி மரம். நேராக ஓட வேண்டிய இழைகள் அதற்குள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். கத்திப் பிடிக்காக அதைச் செதுக்கினால் சில இழைகள் படுத்திருக்கும், சில தலைநிமிர்ந்து நிற்கும். நிற்கும் இழை வைக்கோல் தண்டு மாதிரி, வாய் திறந்திருக்கும். சாயம் பூசினால் படுத்த இழை நாக்கை மட்டும் நனைத்துக்கொள்ளும். நின்ற இழை குடிக்கும். காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்தால் மேலே படிந்தது போய்விடும், குடித்தது போகாது. வெளிறிய மரத்தில் ரேகைகள் மட்டும் கறுத்து எழும்பும்.

ஆனால் ஒரு பூச்சு போதாது. முதலாவது வழி போட்டுக் கொடுக்கும், இரண்டாவதுதான் ஆழம் போகும். அப்புறம் ஆளிவிதை எண்ணெய். பிடியை வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே தணல் நகர்வது போலிருக்கும்.

எஸ்கோ என் மனைவி லெம்பியின் அண்ணன். உங்களுக்குத் தெரியும். அவர் இரும்பில் கத்தி அலகு அடிப்பார், நான் பிடி செய்வேன். எங்கள் கத்திகள் இருவர் பெயரிலும்தான் கோடைக் கண்காட்சிக்குப் போகும். சாயம் மட்டும் அவருக்குப் பிடிக்காது.

அன்று மதியம் ஏரிக்கரைப் பட்டறைக்கு வந்தார். கண்காட்சிக்கான கத்தி என் கையில் இருந்தது. அலகு பொருத்தியாகிவிட்டது, பிடியை வழவழவென்று தேய்த்து முடித்திருந்தேன். எண்ணெய் இன்னும் படவில்லை. அந்த நிலையில் மரம் எதைக் கொடுத்தாலும் குடிக்கும்.

"மறுபடியும் சாயமா? பொறந்த குழந்தைக்கு மீசை வரையிற வேலை மச்சான் இது."

"இல்லாததை நான் வரையல. உள்ள இருக்கிறதை வெளிய எடுக்கிறேன்."

"ஊரே சிரிக்குது. வெய்க்கோ கத்திக்கு லிப்ஸ்டிக் போடுறானாம். எனக்கு வெளிய தலை காட்ட முடியல."

சொல்லிக்கொண்டே சாயப் புட்டியை எடுத்து ஜன்னல் வழியாக ஏரியில் கவிழ்த்தார். போகட்டும், சாயம் மறுபடி கலக்கலாம். அப்புறம் அவர் கையை நீட்டினார்.

"என் அலகைக் கழட்டிக் கொடு. இனிமே அது பிடி செய்ற அர்வோகிட்ட போவுது. அவன் எண்ணெயோட நிறுத்திக்குவான். உன் பிடிக்கு வேற ஆளைப் பாத்துக்க."

அலகு இல்லாத பிடி வெறும் கட்டை. இருபது கோடைகளாகக் கண்காட்சி மேசையில் இருக்கும் என் பெயர் அதோடு போய்விடும். அவர் கேட்டதைத்தான் கொடுத்தேன். வயிற்றில்.

நம் கத்திகளில் அலகுக்கும் பிடிக்கும் நடுவே தடுப்பு கிடையாது. அலகில் வழிவது பிடிக்கு வந்துவிடும். கையைத் திறந்து பார்த்தேன். நின்ற இழைகள் எல்லாம் ஒரேயடியாகக் குடித்திருந்தன. இத்தனை வருடம் தேயிலை, துரு, வால்நட் தோல் என்று எவ்வளவோ முயன்றும் வராத நிறம்.

எஸ்கோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னடா பண்ணிட்ட... போன் பண்ணு, வெய்க்கோ."

"பண்றேன்."

மிகுந்ததைத் துணியால் துடைத்தேன். துடைக்காவிட்டால் மேலே ஆடை கட்டிவிடும். கத்தியைச் சவ்னா அடுப்பருகே காய வைத்தேன். எஸ்கோவின் போன் அழுக்காகிவிடக் கூடாது என்று எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குளிர்கிறது என்றார், என் கோட்டைப் போர்த்திவிட்டேன். நான் கல்நெஞ்சன் இல்லை.

அவசரப்படுவதுதான் இந்த வேலையில் பெரிய தவறு. ஈரத்தில் தேய்த்தால் நிறம் இழுபட்டுப் பிடி முழுக்கச் சகதியாகிவிடும். நன்றாகக் காயும்வரை காத்திருந்தேன். காப்பி போட்டுக் குடித்தேன். பிறகு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். வெளிர் மரம் திரும்பி வந்தது, ரேகைகள் பழுப்பாக நின்றன. நினைத்தபடியே ஆழம் போதவில்லை.

அதற்குள் வயிற்றுக் காயத்தில் ஓட்டம் நின்றுவிட்டிருந்தது. நான் கத்தியோடு வருவதை எஸ்கோ பார்த்தார்.

"வந்துட்டாங்களா?"

"இரு மச்சான். இன்னும் ஒரு பூச்சுதான்."

கழுத்தில் தாராளமாக வந்தது.

மற்றது உங்களுக்கே தெரியும். படகு, ஏரி, கரையொதுங்கிய உடல். கண்காட்சியில் முதல் பரிசு கொடுத்தார்கள். என்ன சாயம் என்று அர்வோ இரண்டு தடவை கேட்டான். துக்க உடையில் வந்திருந்த லெம்பி கத்தியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அண்ணன் இதைப் பாத்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பான்" என்று சொல்லி அழுதாள். அதை எப்படி எரிக்கச் சொல்கிறீர்கள்?

இரண்டு காயங்களுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கிறது, முதல் காயத்தோடு மருத்துவமனைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆத்திரத்தில் கொன்றேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதைத் திருத்த வேண்டும். முதல் குத்து ஆத்திரத்தில்தான். அதற்கு வெட்கப்படுகிறேன். இரண்டாவதில் எனக்கு எஸ்கோமேல் துளிக் கோபமும் இல்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், நீதிபதி என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.