ஒன்னேகால் மணி நேரம்

– அலமாக்! அறுநூத்தி எம்பது கிலோமீட்டர சின்ன கப்சாய் மோட்டார் பைக்குலயே ஓட்டிப் போற ஆளு, இன்னிக்கு ப்ளேன்லயா? நம்பவே முடியலடா ரூபேந்திரா.

– ரோட்டப் பாத்து ஓட்டுங்க சுப்ஹான் பாய். செனாய் டர்னிங் வந்துரும்.

– எனக்குத் தெரியும் லா. பாசிர் கூடாங்லேர்ந்து எத்தன பேர இந்த ஏர்போர்ட்ல கொண்டாந்து விட்டிருக்கேன். பினாங்குக்கு எவ்ளோ நேரமாம்?

– ஒன்னேகால் மணி நேரம்.

– அவ்ளோதானா! மோட்டார்ல?

– மழை இல்லன்னா பத்து மணி நேரம். மழை பேஞ்சா கணக்கே இல்ல.

– ஷிப்ட் முடிஞ்சு கையில எண்ணெ காயறதுக்குள்ள கெளம்பிடுவ. ரெண்டு நாள் லீவுன்னா நாங்கல்லாம் தூங்குவோம். நீ ஒரு நாள் போக, ஒரு நாள் வர. ப்ளாண்ட்ல உன்னப் பத்திப் பேசாத ஆளே கெடையாது, தெரியுமா?

– அக்கா கையால சாப்பிடுவேன், ஒரு ராத்திரி தூங்குவேன். அவ்ளோதான் பாய்.

– மூனு வருஷமால்ல ஓடுற! என் கூடப் பொறந்தவ இங்க பக்கத்துல கூலாய்லதான் இருக்கா. பெருநாளுக்கு ஒரு தடவ போனாலே எனக்கு இடுப்பு வலிக்குது.

– அக்கா வீட்டுக்காரரு தவறுனதுலேர்ந்து அவ பினாங்குக்கு எதிர்க்கர பட்டர்வொர்த்துல தனியா இருக்கா பாய். அம்மா போனப்ப எனக்கு ஆறு வயசு, அவளுக்குப் பதினாலு. பள்ளிக்கூடத்த விட்டுட்டு, செடெனாக் தோட்டத்துல செம்பனை உதிரிப் பழம் பொறுக்கித்தான் என்னப் படிக்க வெச்சா.

– ம்... அதான். தாப்பா பக்கம் ஒரு தடவ மழையில மாட்டினியே?

– பாலத்துக்கு அடியில மூனு மணி நேரம் நின்னேன். பக்கத்துல ஒரு மலாய்க்காரப் பெரியவரு. எங்க போறன்னு கேட்டாரு. அக்கா வீட்டுக்குன்னேன். 'அப்ப நீ மொதல்ல போ, நான் மழை விட்டதும் போறேன்'னு அவரு ரெயின்கோட்டக் கழட்டிக் குடுத்துட்டாரு.

– யா அல்லாஹ்! மனுசன்டா அவரு.

– நான் போய்ச் சேர்ற வரைக்கும் அக்கா சாப்பிட மாட்டா. சோத்த மூடி வெச்சிட்டு வாசல்லயே நிப்பா. அன்னிக்குப் பதினாலு மணி நேரம் நின்னிருக்கா.

– அவளும் உனக்குக் கொறஞ்சவ இல்லடா. நீ ஓட்டுன, அவ நின்னுக்கிட்டே இருந்திருக்கா. இந்தா, வந்துருச்சு. பையப் பாத்து எடு. ரிட்டன் என்னிக்கு? நானே வந்து ஏத்திக்கிறேன்.

– டிக்கெட் இன்னும் எடுக்கல பாய். இந்தாங்க, மோட்டார் சாவி. ரெண்டு நாளைக்கு ஒருக்கா இஞ்சின மட்டும் கொஞ்ச நேரம் ஓட விடுங்க.

– எதுக்குடா? எத்தன நாளு லீவு போட்டிருக்க?

– மூனு மாசம் மோட்டாரத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

– டாக்டரா? உனக்கு என்னடா? மாடு மாதிரி நிக்கிற!

– எனக்கு ஒன்னுமில்ல பாய். அக்காவுக்குத்தான் ரெண்டு கிட்னியும் போயிருச்சு. நாளன்னைக்குக் காலையில என்னோடதுல ஒன்ன எடுத்து அவளுக்கு வெக்கிறாங்க.