மேலே இழுத்தால் இறங்கும் கண்ணாடி

சூரியன் சாய்கிற வேளை, மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முந்திய நேரம். இப்ரி ஊரிலிருந்து மலைப்பக்கம் போகிற பழைய சாலை. வண்டிகள் அதிகம் வராது. வலப்பக்கம் முள்மரங்கள். இடப்பக்கம் வெறும் கூழாங்கல்... காட்டாறு சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிற இடத்தில்தான் அது நடந்தது. இங்கே உட்கார்ந்தபடியே அந்த இடத்தைப் பார்க்கலாம். பார்க்காதீர்கள். நெருப்பைப் பாருங்கள்.

ஹமூத், அந்தக் கட்டையை உள்ளே தள்ளு. உன் கார்க் கண்ணாடி பாதியில் நின்றுபோனதைச் சொல்லிச் சாயங்காலம் முழுக்கச் சிரித்தாயே, அதனால்தான் எனக்கு இது ஞாபகம் வந்தது. நடுவில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்கிறவன் தனியாகப் போய்ச் சுள்ளி பொறுக்கி வரவேண்டும்.

என் கூட்டாளி முஸ்அபை உங்களுக்குத் தெரியும். மீன் லாரி ஓட்டுகிறானே, அவன்தான். அவனுடைய அக்கா ஸுவைனா. அக்கா புருஷன் கல்ஃபான். அவர்களுக்கு ஒரே பெண், ரய்யா. இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

நம் ஊர்க் கார்களில் கண்ணாடி சுவிட்ச் கெட்டுப்போனால் காரணம் தேட வேண்டியதில்லை. ஒன்று மணல், இல்லாவிட்டால் நம் காப்பி, கஹ்வா. ஓடுகிற வண்டியில் பிளாஸ்க்கைத் திறக்காவிட்டால் நமக்கெல்லாம் கை சும்மா இருக்காதே! கல்ஃபானிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் ஸுவைனா பின்சீட்டிலிருந்து அவனுக்குக் கஹ்வா ஊற்றினாள். வண்டி குலுங்கியது. அத்தனையும் பின்கதவுச் சுவிட்சுக்குள் போயிற்று. ஏற்கெனவே அதில் ரய்யாவின் பேரீச்சம்பழப் பிசுக்கு வேறு. சுவிட்ச் செத்தது. டிரைவர் பக்கத்திலிருந்து அந்தக் கண்ணாடியை இறக்குகிற பொத்தான் அதற்கும் முன்பே செத்திருந்தது.

கல்ஃபான் கெட்டிக்காரன் என்று தன்னை நினைத்துக்கொள்கிற ரகம். பழைய வண்டிகளை உடைக்கிற இடத்துக்குப் போய், வேறு ஏதோ மாடல் காரிலிருந்து ஒரு சுவிட்சைக் கழற்றி வந்து மாட்டினான். ஓட்டையில் பொருந்தியது. வேலையும் செய்தது... ஆனால் தலைகீழாக. மற்ற கார்களில் சுவிட்சைக் கீழே அழுத்தினால் கண்ணாடி இறங்கும், மேலே இழுத்தால் ஏறும். இதில் மேலே இழுத்தால் இறங்கியது. அழுத்தினால் ஏறியது.

எலக்ட்ரீசியன் குல் ஜரீன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ரெண்டு வயர மாத்திக் குடுத்தா சரியாயிடும் பாய். டீ குடிக்கிற நேரந்தான். விட்டுட்டுப் போங்க."

"அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் கல்ஃபான். அந்த அப்புறம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ரய்யாவுக்கோ அது கொண்டாட்டம். அந்தப் பக்கம்தான் அவள் சீட். மாமன் பிள்ளைகள் காரில் ஏறினால் கண்ணாடியை இறக்கச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்ப்பாள். அவர்கள் அழுத்து அழுத்து என்று அழுத்துவார்கள். "மேல இழுக்கணும் மண்டு! என் கண்ணாடிக்குக் கிறுக்கு, தெரியாதா?" என்று பல்லில்லாத வாயால் சிரிப்பாள். முஸ்அபே எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறான். அவள் கை அப்படிப் பழகிவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மேலேதான் இழுப்பாள்.

வருஷாந்தரச் சோதனைக்கு வண்டியைக் காட்ட வேண்டிய காலம் வந்தது. அங்கே இதற்கெல்லாம் திட்டுவார்கள் என்று கல்ஃபான் ஒரு காலையில் குல் ஜரீனிடம் போய் வயரை மாற்றிக்கொண்டு வந்தான். ரய்யா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தானாம். மறந்துபோனான். அவ்வளவுதான். நாமெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை மறக்கிறோம்... அதற்கெல்லாம் இப்படி ஒரு விலையா?

அந்த வாரமே நடந்தது. மகளை அவளுடைய மாமி வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறான். தலைக்கு மேலே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மலை மேல் மட்டும் கறுப்பு. காட்டாற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, டயர் பாதி நனைகிற அளவுக்கு. அவனுக்கு முன்னால் ஒரு வண்டி இறங்கி, ஆடி அசைந்து அக்கரை ஏறிப் போய்விட்டது. அதுதான் போய்விட்டதே, நமக்கென்ன என்று இவனும் இறக்கினான். நம்மில் யார் அப்படி இறக்கவில்லை? மலையில் பெய்த மழை அப்போதுதான் வந்து சேர்ந்தது.

முதலில் சத்தம். கல்லும் கல்லும் உரசி உருண்டு வருகிற சத்தம்... கடகடகடவென்று. பிறகு வாசம். பச்சைச் சேறு. வண்டி சாய்ந்து மிதந்து ஒரு பாறையில் முட்டி நின்றது. கல்ஃபான் தன் பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியேறி, கூரையைப் பிடித்துக்கொண்டு பின்கதவுக்கு வந்தான். தண்ணீர் அழுத்தியதில் கதவு அசையவில்லை. "கண்ணாடிய இறக்கும்மா!" என்று கத்தினான்.

ரய்யா தலையாட்டினாள். சுவிட்சை மேலே இழுத்தாள்.

கண்ணாடி அசையவில்லை. ஏற்கெனவே முழுக்க மூடியிருந்த கண்ணாடி, இன்னும் எங்கே ஏறும்? அவள் மறுபடி இழுத்தாள். மேலே. மேலே. மேலே. அந்தப் பிஞ்சு விரலைப் பார்த்தபோதுதான் அவனுக்கு வயர் மாற்றியது ஞாபகம் வந்தது. "கீழ அழுத்து! கீழம்மா, கீழ!" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஆற்றுச் சத்தத்தில் அவன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை. முட்டியால் குத்தினான். கல்லெடுத்து அடிக்கக் குனிந்தான்... அடுத்த அலை வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

பிறகு ஓடிவந்த ஆட்கள் அவனைக் கயிறு போட்டு இழுத்தார்கள். வண்டியை மறுநாள் கீழே வெகுதூரத்தில் கண்டெடுத்தார்கள். ஒரு கண்ணாடி கூட உடைந்திருக்கவில்லை. பின்கதவில் அவள் விரல் எங்கே இருந்தது என்பதை நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

கொஞ்சம் கஹ்வா ஊற்று.

மூழ்கிய காரை யாரும் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். கல்ஃபான் வைத்துக்கொண்டான். சேற்றை வழித்து, சீட்டைக் காயவைத்து, முற்றத்தில் நிறுத்தினான். நடந்ததையெல்லாம் அவன் ஸுவைனாவிடம் சொல்லியிருந்தான், வயர் உட்பட. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே காற்றுப் போகட்டும் என்று பின்கதவுக் கண்ணாடியை இறக்கி வைத்தான். மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் மூடியிருந்தது. மறுநாளும் இறக்கினான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் தடவை பள்ளிவாசலுக்குப் போகாமல் முற்றத்திலேயே நின்றான். பாங்கு முடிந்தது. ட்ர்ர்ர்ர்... ட்டக். கண்ணாடி தானாக ஏறியது. மேலே முட்டிய பிறகும் நிற்கவில்லை. ட்டக்... ட்டக்... ட்டக். சேற்று வாசம் முகத்தில் அடித்தது. அதோடு பேரீச்சம்பழ வாசமும்.

குல் ஜரீன் வந்தான். புது சுவிட்ச் போட்டான். மோட்டாரை மாற்றினான். அப்போதும் ஏறியது. கடைசியில் பேட்டரியையே கழற்றித் தரையில் வைத்துவிட்டு, திண்டில் உட்கார்ந்து இருட்டுகிற வரைக்கும் பார்த்தான். ட்ர்ர்ர்ர்... ட்டக். எழுந்து செருப்பைத் தேடினான். "பாய், கரண்ட்டே இல்லாம ஓடுது. இது என் வேல இல்ல. என்ன விட்ருங்க." அதற்குப் பிறகு அவன் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

கல்ஃபான் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் புரிந்தது. கண்ணாடி ஒரு நாளும் தானாக இறங்கியதில்லை. ஏறத்தான் செய்கிறது. ஏனென்றால்... அவள் இன்னும் மேலே இழுத்துக்கொண்டிருக்கிறாள். மேலே இழுத்தால் திறக்கும் என்று வாப்பா சொல்லிக்கொடுத்தது. வெளியே வரத்தான் இழுக்கிறாள், ஒவ்வொரு மஃரிபுக்கும்.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு, கதவின் உள்பக்க அட்டையைத் தானே கழற்றினான். அந்த இரண்டு வயரையும் பழையபடி தலைகீழாக மாற்றி முறுக்கினான். முந்தின நாள் ஏறிய கண்ணாடி மூடியே இருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பாங்கு கேட்டது.

"இப்ப இழும்மா" என்றான்.

ட்ர்ர்ர்ர்ர்... கண்ணாடி இறங்கியது. மெதுவாக, முழுக்க, அடிவரைக்கும். ஒரு குளிர்காற்று அவன் பிடரியைத் தொட்டுவிட்டு வெளியே போயிற்று. சேற்று வாசம் போயிற்று. பேரீச்சம்பழ வாசமும் போயிற்று. ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அன்றுவரை அவன் அழுதிருக்கவில்லை.

நிமிர்ந்தபோது ஸுவைனா முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கஹ்வா பிளாஸ்க். திறந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

"யாரக் கேட்டுத் தெறந்தீங்க?"

"அவ வெளிய வரட்டும்னுதான் ஸுவைனா. பாவம், இழுத்துக்கிட்டே இருந்தா..."

"எனக்குத் தெரியாதா? நீங்க ராத்திரி இஷா தொழுகைக்குக் கெளம்புனதும் தினமும் நான் வந்து அவ பக்கத்துல உக்காந்துக்குவேன். நான் உக்காந்தா இழுக்கறத நிப்பாட்டிடுவா. என் மடியில சாஞ்சுக்குவா. ஈரமாத்தான் இருப்பா... இருந்தா என்ன? என் புள்ளதானே." அப்போதுதான் அவள் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "ரெண்டு தடவ என்கிட்டேருந்து புடுங்கிட்டீங்களே!"

ஹமூத், தலை குனிந்துகொண்டு என்ன செய்கிறாய்? புகையா? சரி, புகைதான்.

அதற்குப் பிறகு கண்ணாடி அசையவில்லை. பழுதும் இல்லை, சத்தமும் இல்லை. ஸுவைனா மட்டும் ஒவ்வொரு மஃரிபுக்கும் போய்ப் பின்சீட்டில் உட்காருவாள். கண்ணாடி திறந்தே கிடக்கும். ரய்யாவின் சீட்டைக் கையால் தடவிக்கொண்டு, வெளியே பார்த்து மெல்லக் கூப்பிடுவாள். கல்ஃபான் வாசலில் நின்று பார்ப்பான். வெயில் காலம் போயிற்று. பனிக்காலம் வந்தது. எத்தனை குளிர் அடித்தாலும் அவள் கண்ணாடியை மூட விடவில்லை. "வந்தா எப்படி ஏறுவா?" என்பாளாம்.

அந்தக் குளிரில்தான் முஸ்அப் அக்காவைப் பார்க்கப் போனான். அவனும் கல்ஃபானும் தொழுதுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். முற்றத்தில் நுழையும்போதே சத்தம் கேட்டது. ட்ர்ர்ர்ர்...

பின்கதவுக் கண்ணாடி ஏறிக்கொண்டிருந்தது. பேட்டரி அன்றைக்குக் கழற்றி வைத்த இடத்திலேயே, தூசி படிந்து, தரையில் கிடந்தது. ட்டக். மூடிக்கொண்டது.

இரண்டு பேரும் ஓடினார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளே ஸுவைனா நன்றாகத்தான் இருந்தாள். ஒரு கை மடியில், எதையோ அணைத்துக்கொண்டிருப்பது போல வளைந்திருந்தது. கல்ஃபான் கண்ணாடியைத் தட்டினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். உதட்டில் விரல் வைத்தாள். தூங்குகிற குழந்தையைக் காட்டிச் சொல்வோமே, அப்படி.

கல்ஃபான் கையை எடுத்துக்கொண்டான். அப்போதுதான் முஸ்அப் கண்ணாடியைக் கவனித்தான். குளிரில் உள்பக்கம் மூச்சு பட்டு ஆவி படிந்திருந்தது. ஸுவைனாவின் வாய்க்கு நேராக ஒரு வட்டம்.

அதற்கு ஒரு சாண் கீழே... இன்னொன்று. சின்னது. அது விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.